ரேடியோவை எந்தப் பக்கம் திருப்புவது? குடும்பக் குழுவில் ஒரு மாலை

கயல்: மாமா, ஒரு சந்தேகம். தாத்தாவின் ரேடியோவை மேசையில் ஒரு வாக்கில் வைத்தால் செய்தி தெளிவாகக் கேட்கிறது. கொஞ்சம் திருப்பினால் அமுங்கிப் போகிறது. ஏரியலை முழுதாக இழுத்துவிட்டும் பார்த்தேன், ஒரு மாற்றமும் இல்லை. ஏன்?

மாமா: எஃப்.எம்.மா, மீடியம் வேவா?

தாத்தா: மீடியம் வேவ். 700 கிலோஹெர்ட்ஸ் பக்கம்.

மாமா: அப்படியென்றால் அந்த நீட்டுக் கம்பிக்கு இதில் வேலை இல்லை அப்பா. அது எஃப்.எம்.முக்கும் சிற்றலைக்கும். மீடியம் வேவுக்கான ஆண்டெனா பெட்டிக்குள்ளேயே படுத்திருக்கிறது. கறுப்பாக ஒரு ஃபெரைட் கம்பி, அதாவது இரும்பு ஆக்சைடு கலந்த காந்தப் பொருள், அதன்மேல் செப்புக் கம்பிச் சுருள். அதைத் திருப்ப வேண்டுமென்றால் பெட்டியையே திருப்ப வேண்டியதுதான்.

முகில்: அந்தக் கம்பி நிலையத்தைப் பார்த்து நிற்க வேண்டுமா மாமா?

மாமா: நேர்மாறு முகில். நிலையத்தைப் பார்த்து நீட்டினால்தான் அமுங்கும். குறுக்காகக் கிடந்தால்தான் நன்றாகப் பிடிக்கும். பெரும்பாலான பெட்டிகளில் கம்பி நீளவாக்கில் கிடக்கும். அதனால் பெட்டியின் முகமோ முதுகோ நிலையத்தைப் பார்த்தால் நல்லது. பக்கவாட்டு முனை பார்த்தால் ஒலி போய்விடும்.

கயல்: அது எப்படி? ஒன்றைப் பிடிக்க அதை நோக்கித்தானே நீட்டுவோம்?

மாமா: மீடியம் வேவில் ஒலிபரப்புக் கோபுரமே செங்குத்தான ஆண்டெனா. அதிலிருந்து கிளம்பும் அலையில் மின்புலம் மேலும் கீழுமாக அசைகிறது. காந்தப்புலம் தரைக்கு இணையாக, அலை வரும் திசைக்குக் குறுக்காக அசைகிறது. ஃபெரைட் கம்பி பிடிப்பது இந்தக் காந்தப்புலத்தை. கம்பியும் குறுக்காகக் கிடந்தால் புலம் அதன் நீளத்தோடு ஓடிச் சுருளுக்குள் புகும். கம்பி நிலையத்தை நோக்கினால் புலம் அதை வெட்டிக்கொண்டு போகும், சுருளில் எதுவும் தூண்டப்படாது.

மாமா: 700 கிலோஹெர்ட்ஸில் அலைநீளம் ஏறக்குறைய 430 மீட்டர். அதில் கால்பங்கு நீளத்துக்குக் கம்பி கட்டினாலே 100 மீட்டரைத் தாண்டும். விரல் நீளக் கம்பி அந்த வேலையைச் செய்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது.

சித்தி: அண்ணா, தாத்தாவுக்கு இப்போது வேறு தொல்லை. செய்திக்கு நடுவே ஒரே இரைச்சல். நிலையம் கேட்கிறது, ஆனால் கூடவே ங்ஙென்று ஓடிக்கொண்டே இருக்கிறது.

மாமா: அதற்குத்தான் இந்த அமுங்கும் திசை இருக்கிறது! எல்லோரும் நிலையம் எங்கே உரக்கக் கேட்கிறது என்றே தேடுகிறார்கள். அதைவிட, இரைச்சல் எங்கே சாகிறது என்று தேடுவது மேல்.

கயல்: இரண்டும் ஒன்றில்லையா?

மாமா: இல்லை. நன்றாகக் கேட்கும் திசை அகலமானது. அதிலிருந்து 30 டிகிரி விலகினாலும் நான்கில் மூன்று பங்கு ஆற்றல் வந்துவிடும். போதாததற்கு, பெட்டிக்குள் ஒலியைத் தானாகச் சமன்செய்யும் சுற்று வேறு இருக்கிறது. காதுக்கு வித்தியாசம் தெரியாது. அமுங்கும் திசை அப்படியில்லை, ஊசி மாதிரி கூர்மை. அதை ஒட்டி 10 டிகிரிக்குள் வந்தால் ஆற்றல் 100-இல் 3 பங்குக்குக் கீழே போய்விடும். அதனால் நிலையத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, இரைச்சலை அந்த ஊசிமுனையில் நிறுத்தலாம். திசை கண்டறியும் கருவிகளில் சுருள் ஆண்டெனாவைச் சுழற்றியவர்களும் இப்படித்தான் செய்தார்கள். ஒலி கூடும் இடத்தைத் தேடவில்லை, மறையும் இடத்தைத்தான் தேடினார்கள்.

தாத்தா: சரி, திருப்பிப் பார்க்கிறேன்.

முகில்: என் ரேடியோவில் எஃப்.எம். மட்டும்தான் கேட்பேன். எனக்கும் இதே கணக்கா?

மாமா: உனக்குப் பெட்டியை விட்டுவிடு, நீட்டுக் கம்பிதான். அது மின்புலத்தைப் பிடிக்கிறது. 100 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 3 மீட்டர், கால்பங்கு முக்கால் மீட்டர். அதனால் கம்பியை நன்றாக இழுத்துவிடு. அப்புறம் முதலில் செங்குத்தாக, பிறகு சாய்வாக, பிறகு படுக்கையாக வைத்துக் கேள். முனையை மட்டும் நிலையத்தை நோக்கி நீட்டாதே.

கயல்: எது சரியான வாக்கு என்று முன்கூட்டியே சொல்ல முடியாதா?

மாமா: வெட்டவெளியில் சொல்லலாம். அலையின் மின்புலம் எந்த வாக்கில் அசைகிறதோ அதே வாக்கில் கம்பி இருக்க வேண்டும். 45 டிகிரி சாய்ந்தால் பாதி ஆற்றல், 60 டிகிரியில் கால்பங்கு, 90 டிகிரியில் கணக்குப்படி ஒன்றுமே இல்லை. இதை 1888-இலேயே ஜெர்மன் இயற்பியலாளர் ஹைன்ரிச் ஹெர்ட்ஸ் செய்து காட்டினார். அலையை வாங்கும் பக்கத்தை 90 டிகிரி திருப்பியதும் அங்கே பறந்த மின்பொறி நின்றுபோனது. இணைகம்பிகள் கட்டிய ஒரு சட்டத்தை இடையில் வைத்தும் பார்த்தார். கம்பிகள் மின்புலத்துக்கு இணையாக நின்றால் அலை தடைபட்டது, குறுக்காக நின்றால் கடந்து போனது.

மாமா: வீட்டுக்குள் கதை வேறு. சுவரிலும் இரும்பிலும் பட்டுத் திரும்பி வரும் அலைகள் வாக்கு மாறி வருகின்றன. பல எஃப்.எம். நிலையங்கள் மின்புலம் சுழன்றுகொண்டே இருக்கும்படி அனுப்புகின்றன, அதனால் நின்ற கம்பிக்கும் படுத்த கம்பிக்கும் கிடைக்கும். எனவே உன் அறையில் சோதித்துத்தான் பார்க்க வேண்டும். கம்பி எப்படி வைத்தாலும் கரகரத்தால் பெட்டியை அரை மீட்டர் நகர்த்திப் பார். எதிரொலித்து வரும் அலைகள் ஓரிடத்தில் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், பக்கத்திலேயே கூடும்.

தாத்தா: கூரைமேல் இருந்த டிவி ஆண்டெனாவை நிலையத்தைப் பார்த்துத்தானே திருப்பினோம்? அது மட்டும் எப்படி?

மாமா: நல்ல கேள்வி அப்பா. நடுத்தண்டுதான் நிலையத்தை நோக்குகிறது. அலையைப் பிடிக்கும் கம்பிகள் அந்தத் தண்டுக்குக் குறுக்காகத்தானே கிடக்கின்றன? முன்னால் இருக்கும் குட்டைக் கம்பிகள் அலையை ஒரே திசையில் சேர்க்கின்றன, பின்னால் இருக்கும் நீளக் கம்பி திருப்பி அனுப்புகிறது. 1926-இல் ஜப்பானில் யாகி, உடா இருவரும் வெளியிட்ட அமைப்பு. அதிலும் கம்பி குறுக்கேதான்.

சித்தி: அப்படியானால் நம் வைஃபை ரவுட்டர்? அதில் இரண்டு கொம்பு இருக்கிறது. மாடியறையில் கிடைப்பதே இல்லை.

மாமா: இரண்டும் நிமிர்ந்து நிற்கிறதா?

சித்தி: ஆமாம்.

மாமா: நிமிர்ந்த கொம்பு சுற்றிலும் அனுப்பும், தன் தலைக்கு நேர்மேலே ஏறக்குறைய ஒன்றும் அனுப்பாது. ஒன்றை நிற்கவிட்டு மற்றதைப் படுக்கவை. கையில் போன் எப்படிச் சாய்ந்திருந்தாலும் இரண்டில் ஒன்று ஒத்துப்போகும். நடுவில் கான்கிரீட் தளம் இருந்தால் அது தனியாகக் குறைக்கும், அதற்குக் கொம்பால் மருந்து இல்லை.

கயல்: தாத்தா பெட்டியைத் திருப்பிவிட்டார். ஒரு வாக்கில் இரைச்சல் சட்டென்று போனது! இப்போது பெட்டியின் பக்கவாட்டு முனை கட்டில் பக்கம் நீள்கிறது. அங்கே என் லேப்டாப் சார்ஜர்.

மாமா: கழற்றிப் பார்.

கயல்: கழற்றிவிட்டேன். இப்போது எந்தப் பக்கம் வைத்தாலும் இரைச்சல் இல்லை.

தாத்தா: நிலையத்தின் திசையையும் இப்படியே கண்டுபிடிக்கலாமா?

மாமா: பகலில் செய்யுங்கள் அப்பா. இரவில் தொலைதூர நிலையங்களின் அலைகள் அயனி மண்டலத்தில், அதாவது வானில் மிக உயரே மின்னேற்றம் பெற்ற காற்றடுக்கில், பட்டு மேலிருந்து இறங்குகின்றன, வழியில் வாக்கும் திரும்பிவிடுகிறது. அப்போது அமுங்கும் திசை மழுங்கிப் போகும். பகலில் தரையொட்டி வரும் அலையில் கூர்மையாகக் கிடைக்கும். ஆனால் அது ஒரு கோட்டைத்தான் காட்டும். நிலையம் அந்தக் கோட்டில் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதை வரைபடத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தாத்தா: கயல், நாளை காலை திசைகாட்டி எடுத்து வா. முகிலையும் கூப்பிடு.