ஜெலட்டின் படலம் வெந்நீரில் கரைகிறது, நொதி வேலை செய்யவில்லையா?

கேள்வி:
மக்கும் படலம் செய்து பார்க்கிறேன். 8 கிராம் ஜெலட்டின், படலம் வளைந்துகொடுக்க 2 கிராம் கிளிசரால், 1% அசிட்டிக் அமிலத்தில் கரைத்த 1 கிராம் கைட்டோசான் (இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுப்பது). 40 டிகிரியில், புரத இழைகளைப் பிணைக்கும் நொதியான டிரான்ஸ்குளுட்டமினேஸ் பொடி 0.4 கிராம் கலந்து, கால் மணி நேரத்தில் தட்டில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தேன். நன்றாக உறைந்தது, உலர்ந்தபின் கண்ணாடி மாதிரி இருந்தது. ஆனால் 50 டிகிரி நீரில் போட்டால் ஓரம் வழுவழுத்து, ஐந்து நிமிடத்தில் நூல்நூலாகப் பிரிந்துவிடுகிறது. பொடியை இரண்டு மடங்காக்கியும் அதே நிலைதான். மூன்று வாரமாக இதோடுதான் மல்லுக்கட்டுகிறேன். எங்கே தவறுகிறேன்?

பதில் 1:
கலவையின் பிஎச் (அமில-கார அளவு) எவ்வளவு?

கேட்டவர்:
4.3.

பதில் 1:
அங்கேதான் சிக்கல். இந்த நொதிக்கு 6 முதல் 7 வரைதான் உகந்தது. 4.3-இல் அது ஏறக்குறைய தூங்குகிறது, பொடியைக் கூட்டிப் பயனில்லை. அதற்காக பிஎச்சை 6.5-க்கு மேல் ஏற்றினால் கைட்டோசான் வெள்ளையாகத் திரிந்துவிடும். முதலில் கைட்டோசானை விட்டுவிட்டு ஜெலட்டினை மட்டும் பாருங்கள். ஜெலட்டின் போன்ற புரதங்களில் உள்ள குளுட்டமின், லைசின் என்ற அமினோ அமிலங்களைத்தான் நொதி இணைக்கும். கைட்டோசானில் குளுட்டமின் கிடையாது, அதனால் தனக்குள் தானே பிணையாது.

இன்னொன்று, ஃப்ரிட்ஜில் உறைந்ததை நம்பாதீர்கள். குளிர்ந்தால் ஜெலட்டின் இழைகள் தாமாகவே முறுக்கிக்கொண்டு உறையும், சூடுபட்டால் இளகும். அது நொதி போட்ட பிணைப்பு அல்ல. நானும் இதில் பல மாதிரிகளை வீணாக்கியிருக்கிறேன். இரண்டு குழாயில் 5 மில்லி கரைசல் எடுங்கள், ஒன்றில் மட்டும் நொதி. இரண்டையும் 40 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்துக் கவிழ்த்துப் பாருங்கள். அந்தச் சூட்டில் வெறும் ஜெலட்டின் உறையாது. நொதிக் குழாய் கெட்டியாக நின்றால் பிணைப்பு நடந்திருக்கிறது.

பதில் 2:
பொடியின் எடையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். அதில் பெரும்பாலும் மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துப் பொருள்தான், நொதி மிகக் கொஞ்சம். பொட்டலத்தில் போட்டிருக்கும் செயல்திறன் அலகைப் பார்த்து, ஒரு கிராம் புரதத்துக்கு இத்தனை அலகு என்று வையுங்கள். திறந்த பொட்டலத்தை இறுக மூடி உறைபெட்டியில் வைப்பது நல்லது, ஈரம் பட்டால் திறன் குறையும்.

கேட்டவர்:
கைட்டோசான் இல்லாமல், பிஎச் 6.5-இல், 0.4 கிராம் பொடியோடு செய்தேன். நொதிக் குழாய் கவிழ்த்தும் அசையவில்லை, மற்றது தண்ணீராக ஓடியது! அதே கலவையைப் பாகு பதத்திலேயே தட்டில் ஊற்றி, ஃப்ரிட்ஜில் வைக்காமல் மூடி 40 டிகிரியில் ஒரு மணி நேரம் விட்டு உலர்த்தினேன். படலம் 50 டிகிரி நீரில் ஊதிப்போய் முழுசாக நிற்கிறது. ஆனால் மறுபடி உலர்த்தி நிறுத்தால் 26% எடை குறைகிறது. இன்னும் கரைகிறதா?

பதில் 1:
8 ஜெலட்டின், 2 கிளிசரால், 0.4 பொடி, மொத்தம் 10.4. இதில் கிளிசராலும் பொடியும் சேர்த்து 2.4, அதாவது 23%. அவை எப்படியும் நீரில் போய்விடும். ஜெலட்டின் இழப்பு மீதி 3%தான். கிளிசரால் போனதால் படலம் இனி சற்று நொறுங்கும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். கைட்டோசானைச் சேர்ப்பதானால் பிஎச் 6-இல் நிறுத்தி, நொதிக்கு இன்னும் கொஞ்சம் நேரம் கொடுங்கள்.