கனமான நிலைக்கண்ணாடியைச் சுவரில் மாட்டியவர்கள் வாங்க, அனுபவத்தைச் சொல்லுங்க

திருச்சியிலிருந்து:

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு பழைய சாமான் கடையில் இந்தக் கண்ணாடியை வாங்கினேன். நாலடிக்கு மூன்றடி, சுற்றிலும் தேக்குச் சட்டம், முதுகில் பலகை அடித்தது. கடைக்காரர் "எட்டு, பத்து கிலோ இருக்கும் சார்" என்றார். வீட்டு எடை மிஷினில் முதலில் நான் மட்டும் ஏறி, அப்புறம் கண்ணாடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏறிப் பார்த்தால் வித்தியாசம் 27 கிலோ. கையால் தூக்கிப் பார்த்து எடை சொல்கிறவர்களை நம்பாதீர்கள். 5 மி.மீ. கண்ணாடி சதுர அடிக்குச் சுமார் 1.2 கிலோ வரும், 12 சதுர அடிக்குக் கண்ணாடி மட்டுமே 14 கிலோ. சட்டம், பலகை எல்லாம் அதற்கு மேல்.

எங்கள் வீடு அப்பா கட்டியது, ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். அது பெரிய பாக்கியம். ஆனால் செங்கலுக்கு முன்னால் பூச்சு இருக்கிறது, அதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். டிரில் போடும்போது வருகிற தூளைப் பாருங்கள். முதலில் சாம்பல் நிறத்தில் வரும், அது சிமெண்ட் பூச்சு. அரை, முக்கால் அங்குலம் போனதும் சிவப்பாக மாறினால் செங்கலைத் தொட்டாயிற்று. பிட் திடீரென்று வழுக்கிக்கொண்டு உள்ளே போய் மறுபடியும் சாம்பல் தூள் கொட்டினால் இரண்டு கல்லுக்கு நடுவில் இருக்கிற கலவையில் இறங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம், அங்கே பிளக் (ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ள ஓட்டைக்குள் செருகுகிற பிளாஸ்டிக் குழல்) பிடிக்காது, ஓட்டையை ஓரிரண்டு அங்குலம் தள்ளிப் போடுங்கள்.

பிளக்கைச் சுவர் மட்டத்தோடு நிறுத்தாமல் பூச்சைத் தாண்டி உள்ளே தள்ளச் சொன்னார் எங்கள் தச்சர். பிளக் விரிய வேண்டியது கல்லுக்குள். பூச்சுக்குள் விரிந்தால் பூச்சு வெடித்துப் பொத்தல் விழும். அதனால் 8 மி.மீ. பிட்டில் இரண்டரை அங்குல ஆழம், அதற்கேற்ற நீளமான ஸ்க்ரூ. ஓட்டைக்குள் இருந்த தூளை சைக்கிள் பம்ப் வைத்து ஊதி எடுத்தார். தூள் இருந்தால் பிளக் பிடித்த மாதிரி பாவலா காட்டும், பாரம் ஏறியதும் சுழலும்.

மாட்டிய விதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. முக்கால் அங்குல பிளைவுட்டை நீளவாக்கில் 45 டிகிரி சாய்வில் இரண்டாக அறுத்தார். ஒரு பாதியின் சாய்வு மேலே பார்க்க, சுவரில் ரசமட்டம் வைத்து வரிசையாக ஐந்து ஸ்க்ரூ. இன்னொரு பாதியைத் தலைகீழாகத் திருப்பிச் சட்டத்தின் முதுகில் முடுக்கினார். கண்ணாடியைத் தூக்கி மேலிருந்து கீழே விட்டால் ஒன்றுக்குள் ஒன்று போய் உட்கார்ந்துகொள்கிறது. பாரம் ஒரே ஆணியில் தொங்காமல் பலகை நீளம் முழுக்கப் பரவுகிறது. கீழ்ப்பக்கம் அதே கனத்தில் ஒரு துண்டுப் பலகை வைக்காவிட்டால் கண்ணாடி தரையைப் பார்த்துச் சாயும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

செட்டிநாட்டு வீடுகளில் பெரிய கண்ணாடிகளை வேண்டுமென்றே முன்னால் சாய்த்துத்தான் மாட்டியிருப்பார்கள், உயரத்தில் இருப்பதால் கீழே நிற்கிறவர் முகம் தெரிய. அது கம்பீரம்தான். எங்கள் கூடத்து உயரத்துக்குச் சரிப்படாது.

பெருங்குடியிலிருந்து:

உங்களுக்குச் செங்கல் சுவர், கொடுத்து வைத்தவர் அண்ணா. எங்கள் அடுக்குமாடியில் வெளிச் சுவர் கான்கிரீட், உள் தடுப்பெல்லாம் ஏஏசி பிளாக். சிமெண்ட், சுண்ணாம்பு, அனல்மின் நிலையச் சாம்பல் இவற்றோடு கொஞ்சம் அலுமினியப் பொடி கலந்து ஊற்றுவார்களாம், அது வாயுவைக் கிளப்பி உள்ளே குமிழ் குமிழாக ஆகிவிடும். தண்ணீரில் போட்டால் மிதக்கிற கல் அது. அதில் போய் இன்டீரியர் வேலைக்கு வந்த ஆட்கள் ஹேமர் டிரில்லை வைத்து அதிர அதிர ஓட்டை போட்டு, சாதா ராவல் பிளக்கைச் செருகி, ஐந்தடிக் கண்ணாடியை மாட்டிவிட்டுப் பில்லும் கொடுத்துவிட்டுப் போனார்கள். கொஞ்ச நாளில் சட்டத்தின் மேல் விளிம்புக்கும் சுவருக்கும் நடுவே ஒரு பத்து ரூபாய்க் காசு நுழையும் அளவுக்கு இடைவெளி. என் மாமியார்தான் கவனித்தார், விளக்கு வைக்கிற நேரத்தில் நிழல் மாறித் தெரிகிறது என்று. உடனே இறக்கிவிட்டோம். பிளக்கைக் கையால் இழுத்தேன், வெள்ளை மாவோடு சேர்ந்து வந்துவிட்டது. ஆட்களுக்கு போன் போட்டால் "சுவர்தான் சரியில்லை மேடம்" என்றார்கள். சுவரைப் பார்த்து பிளக் போடத்தானே உங்களைக் கூப்பிட்டது!

அப்புறம் வேறு ஒருவர் வந்து ஹேமரை அணைத்துவிட்டு வெறும் சுழற்சியில் ஓட்டை போட்டார். ஏஏசிக்கென்றே சுற்றிலும் அகலமான மறை போட்ட பிளக் வருகிறது, அதை வைத்தார். ஓட்டைக்குள் ரசாயனப் பசை செலுத்திக் கம்பியை நிறுத்துகிற முறையும் உண்டு, அது இன்னும் உறுதி, ஆனால் இறுகும் வரை தொடக் கூடாது. உள் சுவரில் டிரில் பண்ணும்போது வெள்ளையாகச் சொரசொரவென்று தூள் கொட்டினால், பாரம் ஏற்றாமல் நிறுத்திவிட்டு யோசியுங்கள்.

ஸ்காபுறோவிலிருந்து:

உங்கள் இரண்டு பேருக்கும் சுவர் என்று ஒன்றாவது இருக்கிறது. இங்கே கனடாவில் உள்சுவர் என்பது அரை அங்குல ஜிப்சம் பலகை, பின்னாலே மரச் சட்டம், நடுவே வெறும் காற்று. ஊரிலே என்றால் மேசனைக் கூப்பிட்டுக் கல்லிலே துளை போட்டு அலுவல் முடிந்தது. இங்கே மரம் எங்கே நிற்குது என்று முதலில் தேட வேணும். வழமையாக நடுவுக்கு நடு 16 அங்குலத்துக்கு ஒன்று நிற்கும். கருவி விற்கிறார்கள், நான் வாங்கவில்லை. குளிர்சாதனப் பெட்டியிலே ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்துச் சுவரிலே மெல்ல நகர்த்தினால் பலகையைப் பிடித்திருக்கிற ஸ்க்ரூவிலே டக்கென்று ஒட்டும். அதே நேர்கோட்டிலே மேலும் கீழும் ஒட்டினால் பின்னாலே மரம் இருக்கு.

கண்ணாடியின் இரண்டு வளையமும் மரத்துக்கு நேரே வர வேணும் என்று நினைத்தால் ஒரு நாளும் வராது. இரண்டு மரத்தையும் தொடுகிற மாதிரி ஒரு நீளப் பலகையை முதலில் முடுக்கிவிட்டு, அதிலே திருச்சி அண்ணை சொன்ன சாய்வுப் பலகையைப் பொருத்தினேன். மரம் கிடைக்காத இடத்துக்கு, உள்ளே போய்ச் சிறகு விரிக்கிற டொகிள் போல்ட் இருக்கு. பெட்டியிலே எழுதியிருக்கிற பாரத்திலே காற்பங்குக்கு மேலே நான் ஏற்ற மாட்டேன்.

கோயம்புத்தூரிலிருந்து:

எங்கள் ஹவுஸ் ஓனர் காலண்டர் ஆணிக்கே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்பவர். அதனால் ஆளுயரக் கண்ணாடியைத் தரையில் நிறுத்திச் சாய்த்து வைத்திருக்கிறோம். அடியில் ரப்பர் பட்டை, மேலே இரண்டு பக்கமும் நைலான் பட்டையால் ஜன்னல் கம்பியில் கட்டு. குழந்தை இருக்கும் வீட்டில் அந்தக் கட்டு இல்லாமல் சாய்த்து வைக்கவே கூடாது, சட்டத்தைப் பிடித்து எழுந்து நிற்கும் வயசு ஒன்று வருகிறது இல்லையா, அப்போது மேலே விழும். சட்டத்தின் முதுகில் கம்பி கட்டி மாட்டலாமா என்று ஒரு யோசனை, அது பற்றி யாராவது சொல்லுங்கள்.

மதுரையிலிருந்து:

நான் எலக்ட்ரீஷியன், கம்பி விஷயம் சொல்கிறேன் தம்பி. கம்பியை எவ்வளவு இறுக்கமாகக் கட்டுகிறோமோ அவ்வளவு நல்லது என்று எல்லோரும் நினைக்கிறார்கள், நேர்மாறு. 20 கிலோ கண்ணாடி, நடுவில் ஓர் ஆணி. கம்பி படுகிடையிலிருந்து 30 டிகிரி ஏறியிருந்தால் ஒவ்வொரு பக்கக் கம்பிக்கும் 20 கிலோ இழுப்பு. இறுக்கிக் கட்டி 15 டிகிரிக்குக் கொண்டுவந்தால் கிட்டத்தட்ட 39 கிலோ. சட்டத்தின் வளையம் பிடுங்கிக்கொண்டு வருவது இதனால்தான். அதிலும் கான்கிரீட் கம்பிகளைக் கட்டுகிற கட்டுக்கம்பியில் தொங்கவிட்ட வீடுகளைப் பார்த்திருக்கிறேன், கொஞ்சம் அதிகம் முறுக்கினாலே அறுகிற சாமான் அது. கனமான கண்ணாடிக்குக் கம்பியே வேண்டாம், இரண்டு பக்கமும் தனித்தனி கொக்கி போடுங்கள்.

டிரில் எடுக்கும் முன் சுவிட்ச் பாக்ஸ் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அதற்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் ஒயர் பைப் ஓடும், அந்தக் கோட்டில் கை வைக்காதீர்கள். மறுபக்கம் பாத்ரூம் என்றால் தண்ணீர் குழாய்க்கும் யோசிக்க வேண்டும்.

திருச்சியிலிருந்து:

இன்பாக்ஸில் பாத்ரூம் கண்ணாடியை சிலிக்கான் வைத்து ஒட்டலாமா என்று ஒருவர் கேட்டார். சின்னக் கண்ணாடி என்றால் டைல்ஸ் மேல் தாராளமாக ஒட்டலாம். புட்டி, பெயிண்ட் அடித்த சுவரில் வேண்டாம், பெயிண்டோடு உரிந்து வரும். வினிகர் நெடி அடிக்கிற சிலிக்கானை வாங்காதீர்கள், அது பின்பக்க ரசத்தை அரித்துக் கறுப்புத் திட்டு போட்டுவிடும். கடையில் நியூட்ரல் என்று கேட்டால் தருவார்கள். தச்சர் கூலி கேட்டவருக்கு: பலகை, ஸ்க்ரூ எல்லாம் சேர்த்து 1,200 ஆனது, டிரில் அவருடையது.