பால் கொள்முதல் ஆப்: சிம் தருகிற கம்பெனியிடமே மிடில்வேரையும் வாங்கலாமா?

கேன்கணக்கு:

வணக்கம்ங்க. ஈரோடு பக்கம் ஒரு தனியார் பால் நிறுவனத்தில் ஐ.டி. பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். பிரிவு என்றால் நானும் ஒரு தம்பியும், அவ்வளவுதான். மொத்தம் 212 சேகரிப்பு மையங்கள். அதில் 38 மலைமேல், தாளவாடி, கடம்பூர், பர்கூர் பக்கம். மையத்துக்குச் சராசரியாக 40 பேர் ஊற்றுவார்கள். காலை ஐந்தரைக்கு ஆரம்பித்தால் ஏழரைக்குள் ரூட் வண்டி கேனை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடும். சாயங்காலம் இன்னொரு நடை.

மையத்தில் இருப்பவர் கையில் ஒரு ஆண்ட்ராய்டு போன், ஒரு புளூடூத் பிரிண்டர். லிட்டர், ஃபேட், எஸ்.என்.எஃப். (கொழுப்பு தவிர்த்த திடப்பொருள்) மூன்றையும் ஆப்பில் போட்டால் விலை வரும், சிலிப் வரும், ஊற்றியவர் போனுக்கு எஸ்.எம்.எஸ். போகும். இரண்டு வருடம் முன்பு கோயம்புத்தூரில் ஒருவரிடம் எழுதி வாங்கிய ஆப். அது நேராக எங்கள் ஈ.ஆர்.பி.யின் (ஆபீஸ் கணக்கெல்லாம் இருக்கும் மென்பொருள்) ஏ.பி.ஐ.யை, அதாவது பதிவு வாங்கும் வாசலை, கூப்பிடுகிறது. நடுவில் ஒன்றும் கிடையாது.

ஆறே காலிலிருந்து ஏழு மணி வரை ஈ.ஆர்.பி. திணறுகிறது. ஆப் சுற்றிக்கொண்டே இருக்கும், பின்னால் வரிசை நிற்கும். போன மாதப் பட்டுவாடாவில் ஒரு அம்மாவுக்கு ஒரே நாள் காலைப் பால் 6.4 லிட்டர் மூன்று தடவை ஏறியிருந்தது. அவரே ஆபீசுக்கு வந்து, "எம்பட மாடு அவ்வளவு கறக்காதுங்க சாமி" என்றார். கூடுதலாக ஏறியவர் வந்து சொன்னார். பதிவு விட்டுப்போனவர்கள் வாசலிலேயே நின்றார்கள், அதைச் சொல்ல வேண்டியதில்லை. மலை மையங்களில் பாதிக்கு மேல் இன்னும் நோட்டில்தான் எழுதுகிறார்கள். நாங்கள் ராத்திரி உட்கார்ந்து ஏற்றுகிறோம்.

இப்போது விஷயம். எங்களுக்கு சிம் தருகிற தொலைத்தொடர்பு நிறுவனத்தின் அதிகாரி வந்து ஒரு திட்டம் கொடுத்திருக்கிறார். சிம், தனி ஏ.பி.என். (நமக்கென்று ஒரு தனி டேட்டா வழி), போன்களைக் கட்டுப்படுத்தும் எம்.டி.எம்., ஆப்புக்கும் ஈ.ஆர்.பி.க்கும் நடுவில் அவர்கள் கிளவுடில் ஒரு மிடில்வேர் (பதிவை ஒன்றிடம் வாங்கி இன்னொன்றுக்குக் கைமாற்றும் மென்பொருள்), எஸ்.எம்.எஸ்., எல்லாம் சேர்த்து ஒரு போனுக்கு மாதம் இவ்வளவு, மூன்று வருட ஒப்பந்தம். எங்கள் எம்.டி.க்குப் பிடித்துவிட்டது. "ஒரே பில்லு, திட்டறதுக்கு ஒரே ஆளு" என்கிறார். எனக்குத்தான் ஏதோ உறுத்துகிறது, என்னவென்று சொல்லத் தெரியவில்லை. இதில் எது அவர்கள் வேலை, எது நம் வேலை?

ஓய்வுபெற்ற டவர்:

பதினான்கு வருடம் தொலைத்தொடர்பு நிறுவனத்தில் கார்ப்பரேட் விற்பனையில் இருந்தவன் நான். உங்களிடம் வந்தவர் காட்டிய ஸ்லைடுகளை ஒரு காலத்தில் நானும் காட்டியிருக்கிறேன். அதனால் அவர் பக்கமும் கொஞ்சம் பேசிவிடுகிறேன்.

பிளாக்பெரி காலத்தில் இந்தத் தொழில் எங்கள் கையில் இருந்தது. கம்பெனி ஆபீசில் ஒரு சர்வர், கனடாவில் பிளாக்பெரியின் மையம், நடுவில் நாங்கள். சிம்மில் அதற்கென்று உள்ள பிளானை நாங்கள் போட்டுவிட்டால்தான் மெயில் வரும். இல்லையென்றால் அந்தப் போன் வெறும் போன். ஒவ்வொரு கைக்கும் மாதக் கட்டணம். போன், நடு சர்வர், இணைப்பு மூன்றும் ஒரே சங்கிலி, அதன் ஒரு கண்ணி எங்களுடையது. ஐபோனும் ஆண்ட்ராய்டும் வந்ததும் சங்கிலி அறுந்தது. ஆப் எந்த இணையத்திலும் நேராக சர்வரோடு பேசும், ஆபரேட்டர் யார் என்று அதற்குக் கவலையில்லை. அப்புறம் 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது, டேட்டா விலையும் தரைக்கு வந்தது. பழைய பிளாக்பெரி சேவைகளை 2022 ஜனவரி 4 அன்று மூடியே விட்டார்கள். அந்த நடு நாற்காலியில் திரும்ப உட்காரத்தான் எங்கள் ஆட்கள் இன்றுவரை மிடில்வேர் விற்கிறார்கள். தப்பில்லை, பிழைப்பு.

சிம் நிர்வாகத்தைத் தயங்காமல் வாங்குங்கள். 212 சிம்முக்கும் சேர்த்து ஒரே டேட்டா பூல், போன் தொலைந்தால் ஆபீசிலிருந்தே சிம்மை நிறுத்தலாம். தனி ஏ.பி.என். போட்டால் போனிலிருந்து கிளம்பும் டேட்டா பொது இணையத்துக்குப் போகாமல் எங்கள் நெட்வொர்க் வழியே நேராக உங்கள் சர்வருக்கு வரும். மையத்தில் உட்கார்ந்து படம் பார்ப்பதும் நின்றுவிடும். அந்த மிடில்வேர் மட்டும் யோசிக்க வேண்டியது. அது எங்கள் சரக்காக இருக்காது, வேறு யாரோ செய்ததில் எங்கள் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். காலை ஆறரைக்கு நீங்கள் போன் செய்தால் எடுப்பவருக்கு டவர் தெரியும். உங்கள் ஃபேட் விலைப்பட்டியல் தெரியாது.

க்யூவில் நிற்பவன்:

டவர் அண்ணன் சொன்னதில் ஏ.பி.என். மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் கணக்கைப் பாருங்கள். 212 மையம், 40 பேர், ஒரு வேளைக்கு 8,480 பதிவு. அதில் பாதி உச்ச அரைமணியில் வருகிறது என்றே வைத்துக்கொள்வோம். நொடிக்கு இரண்டரைக்கும் குறைவு. இதற்கே ஒரு ஈ.ஆர்.பி. திணறுகிறது என்றால் ஒவ்வொரு பதிவுக்கும் அது வேறு ஏதோ வேலை பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறது. எனக்கு ஒரு சந்தேகம்: எஸ்.எம்.எஸ்.ஸை அனுப்பி, கேட்வே (அதை வாங்கி அனுப்பித் தரும் சர்வர்) "சரி" சொன்ன பிறகுதான் ஆப்புக்கு "சரி" போகிறதா? புரோகிராமை எடுத்துப் பாருங்கள்.

அந்த அம்மாவின் மாடு மூன்று தடவை கறந்ததும் இதே கதையாகத்தான் இருக்கும். ஆப் அனுப்பியது, ஈ.ஆர்.பி. எழுதியும் விட்டது, பதில்தான் வரவில்லை. ஆப் 30 நொடி பொறுத்துவிட்டுத் திரும்ப அனுப்பியது. ஈ.ஆர்.பி.க்கு அது புதுப் பால். மொபைல் நெட்வொர்க்கில் இது சாதாரணம். ஆயிரக்கணக்கான போன்கள் ஒரே பொது ஐ.பி.க்குப் பின்னால் இருக்கும், கொஞ்ச நேரம் பேச்சில்லை என்றால் நெட்வொர்க் இணைப்பைக் கத்தரித்துவிடும். போனுக்கும் தெரியாது, சர்வருக்கும் தெரியாது. உலகத்திலேயே நல்ல ஆபரேட்டரை வாங்கினாலும் இது நடக்கும். எந்த மிடில்வேரைக் காசு கொடுத்து வைத்தாலும், ஒவ்வொரு பதிவுக்கும் ஆப் தானே ஒரு தனி எண் போடாதவரை, இரண்டாவது தடவை வருவது பழசா புதுசா என்று நடுவில் இருப்பவனுக்குத் தெரிய வழியில்லை.

ஆகவே ஆப்பில்தான் முதல் வேலை. பதிவு முதலில் போனுக்குள் எழுதப்பட வேண்டும். தனி எண்ணும் அங்கேயே. விலைப்பட்டியலைப் போனிலேயே வைத்து, சிலிப்பை அங்கிருந்தே அடியுங்கள். நெட் இருக்கிறதா என்று பார்க்கவே கூடாது. ஒவ்வொரு பதிவோடும் எந்த விலைப்பட்டியல் என்ற எண்ணையும், காலையா மாலையா என்பதையும் சேர்த்து அனுப்புங்கள். போன் கடிகாரத்தை நம்பாதீர்கள். விலை மாறிய மறுநாள் பழைய பட்டியலோடு ஒரு மையம் பால் வாங்கியிருக்கும், அன்றைக்கு இந்த எண்தான் உங்களைக் காப்பாற்றும். (அனுபவம். காய்கறி மண்டிக்கு ஒன்று செய்தபோது பட்டியல் எண்ணை மறந்து, பதினோரு நாள் கணக்கைக் கையால் திருத்தினோம்.)

பிறகு நடுவில் ஒரு சின்ன சர்வர். வந்ததை ராபிட்எம்க்யூ மாதிரி மென்பொருளில் ஒரு க்யூவில் (வரிசையில்) போட்டுவிட்டு உடனே "வந்து சேர்ந்தது" என்று சொல்ல வேண்டும். ஈ.ஆர்.பி. தன் வேகத்துக்கு எடுத்துக்கொள்ளும். எஸ்.எம்.எஸ். தனி க்யூ. இரண்டும் ஒன்றுக்காக ஒன்று காத்திருக்கக் கூடாது. நொடிக்கு இரண்டரை பதிவுக்கு இதற்குமேல் எதுவும் வேண்டாம். ஒரு நல்ல பையனுக்கு ஆறு வாரம்.

இதை ஏன் கையில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன் என்றால், எல்லாப் பதிவும் ஓடுவது அந்த இடத்தில்தான். சிம் பிடிக்கவில்லை என்றால் ஒரு வாரத்தில் மாற்றிவிடலாம். நடுவில் இருப்பதை மாற்ற ஆப்பையும் தொட வேண்டும், ஈ.ஆர்.பி.யையும் தொட வேண்டும். ஃபேஸ்புக் 2013-இல் வாங்கிய பார்ஸ் என்ற மொபைல் தளம் 2017 ஜனவரியில் மூடப்பட்டது. ஒரு வருடம் முன்பே சொன்னார்கள், புரோகிராமையும் பொதுவில் விட்டார்கள், அதனால் நம்பியிருந்தவர்கள் தப்பித்தார்கள். உங்கள் ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இருக்கிறதா?

மலைக்கு வருவோம். டவரே இல்லாத இடத்தில் எந்த மிடில்வேரும் ஒன்றும் செய்யாது. ஆனால் உங்களிடம் ரூட் வண்டி இருக்கிறது! தினம் இரண்டு தடவை எல்லா மையத்துக்கும் போகிறது. டிரைவர் போனில் ஒரு சின்ன ஆப் போடுங்கள். கேனை ஏற்றும்போது மையத்துப் போனிலிருந்து புளூடூத்தில் பதிவுகளை வாங்கிக்கொள்ளட்டும். திம்பம் வளைவு 27-ஐயும் இறங்கி பண்ணாரி வந்ததும் தானாக அனுப்பிவிடும். பாலோடு கணக்கும் வந்து சேரும். இடையில் மையத்துப் போனுக்கே டவர் கிடைத்து அதுவும் அனுப்பினால் பரவாயில்லை, தனி எண் இருப்பதால் இரண்டாவது தள்ளப்படும்.

ஏ.பி.என்.: இணையத்துக்கு வழியே இல்லாத தனி ஏ.பி.என். போட்டால் கூகுளின் புஷ் அறிவிப்பு வராது, பிளே ஸ்டோர் அப்டேட் வராது. எம்.டி.எம். கட்டளைகளும் பெரும்பாலும் அந்தப் புஷ் வழியாகத்தான் போனை எழுப்பும். அதற்குத் தனியாக வழி திறக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். தவிர, மலைக்கு இரண்டாவது சிம் வேறு ஆபரேட்டரிடம் வாங்கத்தான் போகிறீர்கள். அந்த நிமிடமே மலை டேட்டா பொது இணையத்தில் வரும். அதைப் பாதுகாக்க சான்றிதழ், குறியாக்கம் எல்லாம் எப்படியும் செய்தாக வேண்டும். செய்துவிட்டால் ஏ.பி.என். எதற்கு?

ஓய்வுபெற்ற டவர்:

புஷ் விஷயம் உண்மை. எங்கள் ஆட்கள் அதைச் சொல்ல மாட்டார்கள், பல பேருக்குத் தெரியவே தெரியாது. ஆனாலும் படம் பார்ப்பதை நிறுத்த ஒரு வழி வேண்டுமே தம்பி.

டெம்ப்ளேட் பதினெட்டு:

எஸ்.எம்.எஸ். பற்றி யாரும் பேசவில்லை, என் பிழைப்பே அதுதான். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018-இல் போட்ட விதிமுறைப்படி நிறுவனம், அனுப்புநர் பெயர், செய்தியின் வார்ப்பு மூன்றும் ஆபரேட்டரின் டி.எல்.டி. என்ற பதிவேட்டுத் தளத்தில் பதிவாகியிருக்க வேண்டும். வார்ப்பில் ஒரு சொல் மாறினாலும் செய்தி வழியிலேயே விழும். 2021 மார்ச் 8 அன்று இந்தச் சோதனையை முழுசாகத் தொடங்கியபோது நாடு முழுக்க ஓ.டி.பி.கூட வராமல் நின்று, டிராயே ஒரு வாரம் நிறுத்திவைத்தது நினைவிருக்கும். 2024 டிசம்பர் 11 முதல் செய்தி யார் யார் கைமாறிப் போகிறது என்ற சங்கிலியும் பதிவில் இருக்க வேண்டும்.

இதில் ஆபரேட்டரைத் தாண்டிப் போக வழியே இல்லை. ஆனால் பதிவை உங்கள் கம்பெனிப் பெயரில், உங்கள் மெயில் ஐ.டி.யில் செய்யுங்கள். "எல்லாம் நாங்களே பார்த்துக்கறோம் சார்" என்பவரிடம் லாகினை விட்டீர்கள் என்றால், பிரியும்போது வார்ப்புகளை மீட்க மாதக்கணக்காகும்.

தமிழில் அனுப்புகிறீர்களா? ஆங்கில எழுத்தில் ஒரு செய்திக்கு 160, தமிழில் 70தான். அதிலும் புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படும். "லிட்டர்" என்பது ஏழு, "ஃபேட்" ஐந்து. 70-ஐத் தாண்டினால் துண்டுக்கு 67 ஆகி, இரண்டு செய்திக் காசு. இரண்டு வேளைக்கு 16,960 செய்தி, இரண்டு துண்டானால் 33,920. வார்ப்பை எழுதும்போதே எண்ணிப் பாருங்கள். "அன்பார்ந்த உற்பத்தியாளருக்கு" என்று ஆரம்பித்தால் கால்வாசிக்கு மேல் அதிலேயே போய்விடும்.

கேன்கணக்கு:

புரோகிராமைப் பார்த்தேன். க்யூ நண்பர் சொன்னதேதான். எஸ்.எம்.எஸ். கேட்வே பதில் சொன்ன பிறகுதான் ஈ.ஆர்.பி. எழுந்து ஆப்புக்குப் பதில் சொல்கிறது. இன்று காலை ஏழு மையத்துக்கு மட்டும் எஸ்.எம்.எஸ்.ஸைப் பிரித்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மொத்தமாகப் போகிற மாதிரி தம்பி மாற்றினான். அந்த ஏழிலும் ஆப் சுற்றவில்லை. மற்ற மையத்துக்காரர்கள் அதற்குள் போன் போட்டுக் கேட்கிறார்கள்.

நம் செய்தி "அன்பார்ந்த பால் உற்பத்தியாளருக்கு வணக்கம்" என்றுதான் ஆரம்பிக்கிறது. எம்.டி.யின் அப்பா சொல்லி வைத்தது. அதை எடுக்க நான் போய்ச் சொல்ல முடியாது, கணக்கைப் போட்டுக் காட்டிப் பார்க்கிறேன்.

அதிகாரியிடம் சிம்மும் எம்.டி.எம்.மும் மட்டும் தனி விலை கேட்டிருக்கிறேன். சேர்த்து வாங்கினால்தான் தள்ளுபடி என்கிறார். டவர் அண்ணா, அது எவ்வளவு தூரம் நிஜம்? இன்னொன்று, தாளவாடியில் பல போன்கள் கர்நாடகா டவரைப் பிடிக்கின்றன. அங்கே இந்த பூல் டேட்டா செல்லுமா?

ஓய்வுபெற்ற டவர்:

தள்ளுபடி எல்லாம் மார்ச் கடைசி வாரம் தனியாகவே வரும், அதுவரை கையெழுத்துப் போடாதீர்கள். கர்நாடகா டவருக்கு வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம். ஐந்து சிம் இலவசமாகக் கேட்டு வாங்கி, தாளவாடிக்கு ரூட் வண்டியில் அனுப்பி, பத்து நாள் ஓட்டிப் பாருங்கள். கேட்டால் கொடுப்பார்கள். நான் கொடுத்திருக்கிறேன்.