சிங்கப்பூரில் சுவரேற்றக் கூடங்கள்: எதில் சந்தா கட்டலாம்?

வணக்கம். மூன்று மாதமாக, உடற்பயிற்சிக்காகக் கட்டிய செயற்கைப் பாறைச் சுவரில் ஏறிப் பழகுகிறேன். காலாங் வேவ் மாலில் உள்ள கிளைம்ப் சென்ட்ரல் கூடத்தில் கயிறு கட்டி ஏறினேன். போல்டர் பிளானட் கூடத்தில் கயிறே இல்லை, கீழே கிடக்கும் மெத்தையை நம்பித்தான் ஏற வேண்டும். இன்னொரு கூடத்தில் வாடகைக் காலணி ஈரமாகவே இருந்தது. பெயர் வேண்டாம், விடுங்கள்.

என் குழப்பம் இதுதான். ஓரிடத்தில் சிரித்துக்கொண்டே ஏறி முடித்த அதே கடின நிலை, அடுத்த இடத்தில் பாதியிலேயே கீழே தள்ளிவிடுகிறது. எவ்வளவு கடினம் என்று காட்டும் நிறமும் தரமும் கூடத்துக்குக் கூடம் மாறினால் எதை வைத்து ஒப்பிடுவது? சுவரில் பிடிகளைப் பொருத்தி அமைக்கும் ஏறுபாதைகளை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுகிறார்கள் என்று பார்த்தால் போதுமா?

உட்லண்ட்சில் வசிக்கிறேன், இரவு 7 மணிக்கு மேல்தான் வர முடியும். அந்நேரத்தில் கூட்டம் குறைவாகவும், என்னைப்போன்ற குள்ளர்களுக்கும் பிடி எட்டும்படியும் உள்ள கூடம் தெரிந்தால் அவசியம் சொல்லுங்கள்.