சிசுவின் மூளை மடிப்பை அளந்த ஸ்கேன்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

திருவாரூரிலிருந்து ஒருவர்:
அனாமலி ஸ்கேன் என்பது ஐந்தாம் மாதவாக்கில் சிசுவின் உறுப்புகளில் குறை இருக்கிறதா என்று பார்ப்பது. என் மனைவிக்கு 21-வது வாரத்தில் எடுத்ததில், ‘மூளை மடிப்பு போதவில்லை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அன்றே தஞ்சாவூருக்கு பஸ் ஏறினோம். அங்கே டாக்டரம்மா அளப்பதற்காக, ஸ்கேன் திரையில் தெரிந்த மூளையின் நடுக்கோட்டில் ஒரு கூட்டல் குறி வைத்தார். அங்கிருந்து பக்கவாட்டில் போகும் சின்னப் பள்ளத்தின் முனையில் இன்னொன்று. திரை ஓரத்தில் மில்லிமீட்டரில் ஓர் எண் வந்தது. ஒன்றும் பேசாமல் அதே இடத்தை மறுபடி அளந்தார். இரண்டாவது எண் வருவதற்குள் மனைவி என் விரலை நெரித்த நெரி இன்னும் மறக்கவில்லை. பையன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான், நன்றாக இருக்கிறான். இருந்தாலும் அந்த அறை மனசைவிட்டுப் போகவில்லை.

மயிலாடுதுறையிலிருந்து ஒருவர்:
தம்பி, படிக்கும்போதே கோபம் வருகிறது. 21 வாரத்தில் மூளை பெரும்பாலும் வழவழவென்றுதான் இருக்கும். பக்கவாட்டில் சில்வியன் பள்ளம் குழிந்திருக்கும், பின்பக்கப் பள்ளம் அப்போதுதான் தலைகாட்டும். ஒரு வாரம் முன்பின் ஆனாலே எண் மாறிவிடும். என் மகளுக்கும் இதே பயம் காட்டினார்கள். முதல் ஸ்கேன் தேதியை வைத்துக் கணக்குப் போட்டதும் வாரம் குறைந்தது, அளவும் பொருந்திவிட்டது. உங்களுக்கு வாரக் கணக்கை யாராவது சரிபார்த்தார்களா?

கும்பகோணத்திலிருந்து ஒருவர்:
அக்கா, எல்லாம் வாரக் கணக்குதான் என்று விட்டுவிடாதீர்கள். என் அண்ணன் குழந்தைக்கு ஏழாம் மாதம் தாண்டித்தான் தெரிந்தது. எம்ஆர்ஐ படத்தில் மடிப்பே இல்லை. லிசென்செபாலி என்றார்கள், மூளை மடிப்பு விழாமல் வழவழவென்றே நின்றுவிடும் குறை. அண்ணி அந்தப் படத்தை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறார். இதற்கு மேல் எழுத முடியவில்லை.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். சந்தேகம் என்று சொன்னால் ஒரே அளவோடு முடிக்காதீர்கள். சில வாரம் விட்டு மறுபடி பாருங்கள், மடிப்பு வளர்கிறதா என்பதுதான் முக்கியம். கடைசி மூன்று மாதத்தில்தான் மடிப்புகள் மளமளவென்று விழும். அதனால் 30 வாரத்தை ஒட்டி எடுக்கும் எம்ஆர்ஐ நிறையச் சொல்லும். சிலர் ரிப்போர்ட்டில் மடிப்புக் குறியீடு என்று ஓர் எண் இருக்கும். மடிப்புக்குள் இறங்கி ஏறும் முழுக் கோட்டின் நீளத்தை, மேலோட்டமான வெளிக்கோட்டின் நீளத்தால் வகுப்பது. வழவழ மூளைக்கு 1, பெரியவர்களுக்கு சுமார் 2.5. வயிற்றுப் பிள்ளைக்கு 1-ஐ ஒட்டி வந்தால் உடனே பதறாதீர்கள், எத்தனையாவது வாரம் என்று கேளுங்கள். சென்னை ஐஐடி 2024-இல் ‘தரணி’ என்று கரு மூளையின் படத்தொகுப்பை வெளியிட்டது, இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அண்ணி கேட்ட கேள்விகளுக்கு அப்போது எங்களிடம் அப்படி எதுவும் இல்லை. இன்னொன்று, ரிப்போர்ட்டை மட்டும் வாங்காதீர்கள், படங்களை சிடியில் கேட்டு வாங்குங்கள்.

திருவாரூரிலிருந்து:
வாரக் கணக்கை யாருமே சரிபார்க்கவில்லை, அக்கா. கும்பகோணத்து நண்பரே, அண்ணி இப்போது எப்படி இருக்கிறார்கள்?