புதுப்பிப்பு: ‘ஈக் அவுட்’ வினைச்சொல்லின் பொருள், விடை கிடைத்தது

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: ஆங்கில ‘ஈக்’ (eke) என்ற வினைக்கு ‘கூட்டு, பெருக்கு’ என்கிறது அகராதி, நான் மொழிபெயர்த்த கட்டுரையிலோ ‘ஈக்ட் அவுட் எ லிவிங்’ (eked out a living) என்று வந்தது. அங்கே பெருகியது வறுமை மட்டுமே.

“வினையை விடுங்கள், செயப்படுபொருளைப் பாருங்கள்” என்ற யோசனைதான் பலித்தது. செயப்படுபொருளாகக் கையிருப்போ வருமானமோ வந்தால், வேறொன்றைச் சேர்த்தோ சிக்கனமாகச் செலவிட்டோ அதை நீடிக்கச் செய்வது. பிழைப்பு வந்தால், பாடுபட்டு வயிற்றைக் கழுவுவது. விளையாட்டுச் செய்தியில் வெற்றி வந்தால், மயிரிழையில் தட்டிப் பறிப்பது. ‘அரை வயிறும் கால் வயிறுமாகக் காலம் தள்ளினார்கள்’ என்று எழுதி முடித்தேன்.

பழைய ஆங்கிலத்தில் ‘ஈக்’ வினையின் பொருள் பெருக்குதல்தான். எனவே அகராதி பொய் சொல்லவில்லை. பிழைப்போடு சேர்த்து எழுதுவதை ஆங்கில அகராதியாளர் ஃபௌலர் 1926-இல் வெளியான தம் நடைக் கையேட்டில் தவறென்றே கண்டித்தார்: வருமானத்தை ‘ஈக் அவுட்’ செய்யலாம், பிழைப்பை முடியாது என்பது அவர் வாதம். வழக்கு அவரைத் தாண்டி எப்போதோ போய்விட்டது. இதற்காக இன்று யாரையும் திருத்தப் போகாதீர்கள்.

எதிர்பாராதது: பட்டப்பெயரைக் குறிக்கும் ‘நிக்நேம்’ இதே வேரில் பிறந்த சொல். ‘ஆன் ஈக்நேம்’ (an ekename), அதாவது கூடுதல் பெயர் என்பதிலிருந்த ‘ன்’ நழுவி அடுத்த சொல்லில் ஒட்டிக்கொண்டது.

அகராதியில் தேடுபவர்களுக்கு: ‘அவுட்’ இல்லாமல் இந்த வினை இன்று அநேகமாக வருவதில்லை. இரண்டையும் சேர்த்தே தேடுங்கள்.