மறு: ரேம் டிஸ்குக்குத் தமிழ்ச்சொல் – 'காப்பு' வேண்டாம்

வணக்கம். நம் மென்பொருளின் தமிழாக்கத்தில் ரேம் டிஸ்குக்கு, அதாவது கணினி நினைவகத்தின் (ரேம்) ஒரு பகுதியை வட்டுபோல் பயன்படுத்தும் ஏற்பாட்டுக்கு, வந்த பெயர்ப் பரிந்துரைகளுக்கு என் பதில் இது.

> 'மெய்நிகர் நினைவக வட்டு' எனலாமா?

குழப்பும். 'மெய்நிகர் நினைவகம்' வேறு பொருளில் வேரூன்றிவிட்டது: நினைவகம் போதாதபோது வட்டின் ஒரு பகுதி நினைவகமாக நடிப்பது. நாம் பெயர் தேடுவதோ இதற்கு நேர்மாறு. இங்கே நினைவகம் வட்டுவேடம் போடுகிறது. 1984-இல் வந்த ஐபிஎம் இயங்குதளமான பிசி டாஸ் 3.0-இல் இதன் பெயர் 'வீடிஸ்க்' (விர்ச்சுவல் டிஸ்க்). 'மெய்நிகர்' என்று சொல்லும் வழக்கம் அந்தத் தலைமுறையினுடையது. லினக்ஸில் நினைவக வட்டாகப் பயன்படும் டிஎம்பிஎஃப்எஸ் (tmpfs), நினைவகத்தில் நெருக்கடி வந்தால் தன்னிடம் உள்ளதை ஸ்வாப்புக்கு, அதாவது மறுபடி வட்டுக்கே தள்ளும். அங்கே இரண்டு மெய்நிகர்களும் முட்டிக்கொள்ளும். 'நினைவக வட்டு' போதும்.

> பயன் விளங்க 'விரைவுக் காப்பு வட்டு'

'காப்பு' என்று நாம் சொல்வது பேக்கப்பை. இதைத்தான் ஒப்பவே முடியவில்லை. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையின் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். இரவில் பில் கணக்கின் தரவுத்தளத்தை நேராக யுஎஸ்பி வட்டில் எழுதினால், எழுதி முடியும்வரை அட்டவணைகள் பூட்டிக்கிடக்கும். கடைசி வாடிக்கையாளர் துணிப்பையோடு கல்லாவில் நிற்பார், பில் வராது. நினைவக வட்டில் எழுதினால் பூட்டு சட்டென்று விலகும்; யுஎஸ்பிக்கு நகலெடுக்கும் வேலை பின்னால் மெதுவாக நடக்கட்டும். காசிமேட்டில் மீனை ஏலத்துக்காகத் தரையில் கொட்டுகிறார்களே, அது மாதிரி. படகு காலியாகிவிடும். ஆனால் தரையில் கிடப்பதை ஐஸ் பெட்டியில் இருப்பதாக அங்கே எவரும் சொல்லமாட்டார்கள்.

நம் மென்பொருள் சொன்னது. நினைவகத்தில் எழுதி முடித்ததுமே திரையில் 'காப்பு முடிந்தது' என்று வந்தது. முதலாளி மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஷட்டரை இறக்கிவிட்டார். அன்றைய நகல் யுஎஸ்பியைத் தொடவேயில்லை. அவரைக் குறை சொல்ல முடியுமா? காப்பு என்றால் காப்பாற்றப்பட்டது என்றுதானே தமிழ் தெரிந்தவர் எடுத்துக்கொள்வார்? மின்சாரம் நின்றால் மாயமாகும் ஒன்றுக்கு அந்தச் சொல்லைத் தரக்கூடாது. 'தற்காலிகக் காப்பு' என்ற சமரசமும் வேண்டாம். திரையில் முன்னொட்டை யாரும் படிப்பதில்லை.

என் பரிந்துரை: பொருளுக்கு 'நினைவக வட்டு', அதில் வைக்கும் செயலுக்கு 'இடைவைப்பு'. வெளிவட்டில் எழுதிச் சரிபார்த்த பிறகுதான் 'காப்பு'. 'இடைத்தேக்கம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். சாக்கடை அடைத்துக்கொண்டதுபோல் ஒலிக்கிறது, மன்னிக்கவும்.

மொழிபெயர்ப்புக் கோப்பில் அந்த வரி இப்படி வரட்டும்: 'இடைவைப்பு முடிந்தது. வெளிவட்டில் எழுதப்படுகிறது, கணினியை அணைக்க வேண்டாம்.' டிஎம்பிஎஃப்எஸ் அளவு குறிப்பிடாவிட்டால் மொத்த நினைவகத்தில் பாதிவரைதான் இடம் தரும். 8 ஜிபி கணினியில் 4 ஜிபி. ஆகவே 'இடைவைப்புக்கு இடம் போதவில்லை' என்றும் ஒரு வரி தேவை.

அன்மவுண்டுக்கு, அதாவது ஒரு வட்டைக் கணினியின் பயன்பாட்டிலிருந்து விலக்கும் கட்டளைக்கு, 'கழற்று' என்று முன்பு முடிவு செய்தோம். நினைவக வட்டைக் கழற்றினாலே உள்ளே இருப்பது போய்விடும் என்பதால், இங்கு மட்டும் 'கழற்றி அழி' என்று போடலாமா? மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள்.